உயரமான அடுக்கு ஏன் தோற்கிறது? நிறக் காய்களை அடுக்கும் விளையாட்டுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

நிறநிறமான காய்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பலகை விளையாட்டு என்று சொன்னால் பலருக்கும் முதலில் ஜெங்கா ஞாபகம் வருகிறது. கை நடுங்கினால் கோபுரம் சரியும், சரித்தவர் தோற்றார். அது இல்லை என்று சொன்னதும் அடுத்த பதில் வரும்: "அப்படியானால் யார் உயரமாக அடுக்குகிறாரோ அவர் ஜெயிப்பார், அவ்வளவுதானே?"

முதல் எண்ணத்தைத் திருத்துவது சுலபம். இந்த விளையாட்டுகளில் கைத்திறனுக்கு வேலையே இல்லை. இரண்டாவதுதான் தொல்லை, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. சில அடுக்கு விளையாட்டுகளில் கடைசியில் உயரத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தக் கடைசி வரும்வரை உயரம் ஒரு சுமை. இந்தப் பாதி உண்மையை நம்பி ஆட உட்காரும் புதியவர் பத்தாவது நிமிடத்தில் பெரிய கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டுப் பெருமையாகப் பார்ப்பார். எதிராளி ஒற்றைக் காயை அதன் தலையில் வைத்துவிட்டு அந்தக் கோபுரத்தையே எடுத்துக்கொள்வார்.

உயரம் எப்படிச் சுமையாகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுக்கு முக்கியமாக ஒரே ஒரு விளையாட்டு: பெல்ஜியத்தைச் சேர்ந்த கிரிஸ் பர்ம் வடிவமைத்து 2001-ல் வெளிவந்த ட்வான். இந்த வகை விளையாட்டுகளின் எலும்புக்கூடு இவ்வளவு தெளிவாக வேறெதிலும் தெரிவதில்லை என்பது என் எண்ணம். இதன் முன்னோர்களையும் உறவினர்களையும் போகிற போக்கில் தொட்டுக்கொள்ளலாம்.

கதை இல்லை, பகடை இல்லை

இந்த விளையாட்டுகளை அப்ஸ்ட்ராக்ட் விளையாட்டுகள் என்கிறார்கள். பலகையில் நடப்பதற்குப் பின்னால் கதை கிடையாது, இருந்தாலும் அது வெறும் பூச்சு. பகடை கிடையாது. கையில் மறைத்து வைத்த சீட்டும் கிடையாது. பலகையில் இருப்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். சதுரங்கம் நமக்கு நன்கு பழகிய உதாரணம்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்த வகையில் சில விளையாட்டுகளைத் தொடங்கும்போது காய்களைக் கலைத்து, வந்தபடி பலகையில் பரப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு "இது அதிர்ஷ்ட ஆட்டம்" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பரப்பி முடித்த கணத்தில் அதிர்ஷ்டத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு லூடோவில் வருவது போல "ஆறு விழுந்திருந்தால் ஜெயித்திருப்பேன்" என்று சொல்ல வழியில்லை. இருவரும் ஒரே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுக்கு யாருக்குச் சொந்தம்?

சதுரங்கத்தில் ஒரு காயை வெட்டினால் அது பலகையை விட்டுப் போய்விடும். அடுக்கு விளையாட்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. நம் காய் எதிராளியின் காய் மேல் ஏறி உட்கார்கிறது. கீழே இருப்பது அங்கேயே இருக்கும், ஆனால் அதன் உரிமையாளருக்கு இப்போது அதன் மேல் அதிகாரம் கிடையாது.

இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் காய்களின் தொகுப்பை அடுக்கு என்போம். அடுக்கின் மேலே இருப்பது உச்சிக் காய். உச்சிக் காய் எந்த நிறமோ, அந்த நிறத்துக்காரருக்கே முழு அடுக்கும் சொந்தம். கீழே எதிராளியின் காய்கள் ஏழு இருந்தாலும் சரி, மேலே நம்முடையது ஒன்று இருந்தால் போதும்.

இது புதிய யோசனை இல்லை. 1894 முதல் 1921 வரை சதுரங்க உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர், லாஸ்கா என்ற விளையாட்டை 1911-ல் வெளியிட்டார். செக்கர்ஸ் போலத்தான், தாண்டி வெட்ட வேண்டும். ஆனால் தாண்டப்பட்ட அடுக்கின் உச்சிக் காய் மட்டும் கழன்று, தாண்டிய அடுக்கின் அடியில் கைதியாகச் சேரும். வேடிக்கை என்னவென்றால், உச்சி போன அடுக்கில் அடுத்து வெளிப்படுவது யார் காய் என்பதைப் பொறுத்து அந்த அடுக்கு கை மாறலாம். சிறைப்பட்டவர் விடுதலையாகலாம். அதனால் லாஸ்காவில் ஓர் அடுக்கின் பலம் அதன் உயரத்தில் இல்லை. உச்சியிலிருந்து கீழ்நோக்கித் தொடர்ச்சியாக நம் காய்கள் எத்தனை என்பதில்தான் இருக்கிறது. நம் காய் ஒன்று, அதன் கீழே கைதிகள் ஐந்து என்றால், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒரே தாண்டலில் ஐந்து பேரும் விடுதலை.

ட்வானில் விடுதலை கிடையாது. ஓர் அடுக்கு உருவானால் அது பிரியாது, மேலும் வளரும், அல்லது முழுதாகப் பலகையை விட்டுப் போகும். உச்சிக்குக் கீழே யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பது உரிமையைத் தீர்மானிப்பதில்லை. இந்த எளிமைதான் இதைப் பாடத்துக்கு ஏற்றதாக்குகிறது.

இதுவரை: எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெட்டுவது என்பது மேலே ஏறி உட்காருவது. உச்சிக் காய்க்காரரே அடுக்கின் சொந்தக்காரர்.

உயரமும் தூரமும்

வீட்டுக்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி உடனே புரியும். கையில் ஒரு குச்சி இருந்தால் எந்த மூலையிலும் திரும்பலாம். ஏணி எட்டும் தூரம் அதிகம். ஆனால் நடைபாதையில் திரும்ப முடியாது, வாசற்படியில் நிமிர்த்த முடியாது. பக்கத்தில் கிடக்கும் பொருளைத் தொடக்கூட ஏணியால் ஆகாது. எட்டும் தூரம் கூடக் கூட, போகக்கூடிய இடங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

பல அடுக்கு விளையாட்டுகளின் மைய விதி இதேதான்: ஓர் அடுக்கில் எத்தனை காய்கள் இருக்கின்றனவோ, அத்தனை இடங்கள் அது நகர வேண்டும். "அத்தனை வரை" என்று படித்துவிடாதீர்கள். சரியாக அத்தனை, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஐந்து காய் அடுக்கு ஐந்து இடம் தள்ளித்தான் இறங்க முடியும். இரண்டு இடம் தள்ளி எவ்வளவு நல்ல இரை இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

ட்வானில் இன்னும் ஒரு நிபந்தனை சேர்கிறது. இறங்கும் இடத்தில் ஏற்கெனவே காயோ அடுக்கோ இருக்க வேண்டும். வழியில் காலி இடங்கள் இருக்கலாம், இறங்குவது மட்டும் காலி இடத்தில் கூடாது. நேர்கோட்டில்தான் போக வேண்டும், நடுவழியில் திரும்பக் கூடாது. நம் காய் மேலும் இறங்கலாம், எதிராளியின் காய் மேலும் இறங்கலாம்.

பலகையை வைத்து எண்ணிப் பார்க்கலாம்

ட்வான் பலகையில் ஐந்து வரிசைகள். மேலிருந்து கீழாக 9, 10, 11, 10, 9 என மொத்தம் 49 இடங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதிலிருந்து அரை இடம் தள்ளியிருக்கும். அதனால் நடுவில் இருக்கும் எந்த இடத்துக்கும் ஆறு அண்டை இடங்கள் உண்டு: இடம், வலம், மேலே இரு சாய்வுகள், கீழே இரு சாய்வுகள். காய்களும் 49. வெள்ளை 23, கறுப்பு 23, யாருக்கும் சொந்தமில்லாத சிவப்பு 3. விளையாட்டின் பெயரே சிவப்புக் காய்களுக்கும்: ட்வான் காய்கள்.

இப்போது நடு வரிசையின் நடு இடத்தில், அதாவது ஆறாவது இடத்தில், நம் அடுக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அது ஒற்றைக் காயாக இருந்தால் ஆறு திசைகளிலும் அதற்கு இடம் உண்டு (ஆறு பக்கமும் ஒரே நேரத்தில் அடைபட்டிருந்தால் மட்டும் நகர முடியாது, அதைப் பிறகு பார்ப்போம்). இரண்டு காயாக இருந்தாலும் ஆறு திசைகளும் உண்டு, ஏனென்றால் மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு வரிசைகள் இருக்கின்றன. மூன்றாவது காய் சேர்ந்ததும் சாய்வுத் திசைகள் நான்கும் ஒரே அடியாகப் போய்விடும், ஏனென்றால் மூன்று வரிசை தள்ளி அங்கே பலகையே இல்லை. இடமும் வலமும் மட்டும் மிச்சம். நான்கு காய்க்கும் அதே நிலை. ஐந்து காயானால் வரிசையின் இரு கோடிகள் மட்டும். ஆறு காய்? எங்கேயும் போக முடியாது. பலகையின் மையத்தில், பார்ப்பதற்கு ராஜா மாதிரி, அசைய முடியாமல் நிற்கும்.

பலகை முழுதுக்கும் பார்த்தாலும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. சாய்வாக மேலிருந்து கீழ்வரை ஐந்தே வரிசை, ஆகவே சாய்வில் அதிகபட்ச நகர்வு நான்கு இடம். ஐந்து காயைத் தொட்டுவிட்ட எந்த அடுக்கும் இனிச் சாய்வாகப் போகாது. மிக நீளமான வரிசை 11 இடம், அதில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி 10 தாவல். எனவே பத்துக் காய் அடுக்குக்கு நகர்வு உண்டென்றால் அது நடு வரிசையின் ஒரு கோடியில் நின்றால்தான், அதுவும் மறுகோடியில் ஏதாவது இருந்தால்தான். பதினொரு காயைத் தொட்டுவிட்டால் அந்த அடுக்கு ஆட்டம் முடியும்வரை நட்ட கல்.

இதெல்லாம் பலகையின் அளவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஒவ்வொரு நகர்வும் குறைந்தது ஓர் இடத்தைக் காலியாக்குகிறது, நிரப்புவதோ இல்லை. (49 இடங்களில் தொடங்குவதால் ஓர் ஆட்டத்தில் 48 நகர்வுகளுக்கு மேல் சாத்தியமே இல்லை. முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகும் சதுரங்க ஆட்டங்களில் அலுத்தவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி.) இறங்கக்கூடிய இடங்கள் குறைந்துகொண்டே வரும்போது, சரியாக ஏழு இடம் தள்ளி ஓர் அடுக்கு காத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

ராட்சசன் பக்கத்தில் ஓர் எறும்பு

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வந்துவிட்டோம். நம் ஆறு காய் அடுக்கின் அருகே, ஒட்டினாற்போல எதிராளியின் ஒற்றைக் காய் ஒன்று நிற்கிறது. நமக்கு ஆறு, அவருக்கு ஒன்று. யார் ஆபத்தில் இருக்கிறார்?

நாம்தான். நம் அடுக்கு ஆறு இடம் தள்ளித்தான் இறங்க முடியும், பக்கத்து இடத்தைத் தொட அதற்கு விதியில்லை. ஒற்றைக் காயோ ஓர் இடம்தான் நகரும், அந்த ஓர் இடத்தில்தான் நாம் நிற்கிறோம். ஒரே அடி. ஏழு காய் அடுக்கு, உச்சியில் எதிராளியின் நிறம். இத்தனை நேரம் சேர்த்ததெல்லாம் அவருக்கு.

அதனால் ட்வானில் பழகியவர்கள் உயரத்தைப் பார்க்கும் முன் அதைச் சுற்றியிருக்கும் தூரங்களைப் பார்ப்பார்கள். நம் அடுக்கிலிருந்து ஓர் இடத்தில் எதிராளியின் ஒற்றை உண்டா? நேர்கோட்டில் இரண்டு இடம் தள்ளி அவரது இரட்டை உண்டா? மூன்று இடத்தில் மூன்று? ஓர் அடுக்கின் உயரமும் அதற்கும் நமக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருந்தால் அது நம்மைத் தாக்கும். ஒன்றாக இல்லையென்றால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இப்போதைக்கு அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி விளையாட்டு கைக்கு வந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒற்றைக் காய்களைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருப்பவருக்குக் கடைசிப் பேச்சு கிடைக்கும். எல்லாவற்றையும் அவசரமாக அடுக்கிவிட்டவருக்கு, சின்ன தூரம் போக ஆள் இருக்காது.

இதுவரை: உயரம் என்பது தூரம். தூரம் கூடினால் திசை குறையும். பக்கத்தில் இருக்கும் சின்னதே பெரியதை விழுங்கும்.

அடைபட்ட காய்களும் ஆட்டத்தின் தொடக்கமும்

ஆட்டத்துக்கு இரண்டு கட்டங்கள். முதலில் பலகை காலியாக இருக்கும், இருவரும் மாறி மாறி ஒவ்வொரு காயாக வைத்து 49 இடங்களையும் நிரப்புவார்கள். மூன்று சிவப்புக் காய்கள்தான் முதலில் வைக்கப்படும். நிரப்பி முடித்தபின் நகர்வுகள் தொடங்கும்.

ஆறு பக்கமும் அண்டை காய்களால் அடைபட்ட காயோ அடுக்கோ நகர முடியாது. நிறைந்த பலகையில் இதற்கு அர்த்தம், ஓரத்தில் இருக்கும் காய்கள் மட்டுமே தொடக்கத்தில் அசையும். ஓர இடங்கள் 24, உள்ளே 25. ஆக, ஓரத்தில் யாருக்கு எத்தனை காய் என்பது முதல் சில நகர்வுகளில் யாருக்கு எத்தனை வழிகள் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஓரக் காய் ஒன்று உள்நோக்கிப் போனால் அது விட்ட இடத்தின் வழியாக உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு கிடைக்கும். எதிராளியின் காய்களுக்கும் சேர்த்துத்தான்.

வைக்கும் கட்டத்தைப் புதியவர்கள் சலிப்பாக நினைத்து மளமளவென்று முடித்துவிடுவார்கள். அதில் தவறில்லை. முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் அங்கே ஆழமாக யோசித்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

சிவப்பு: உயிர்நாடி

உயரத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பாடம்தான். மீதிப் பாதி அந்த மூன்று சிவப்புக் காய்களில் இருக்கிறது.

பலகையில் இருக்கும் ஒவ்வொரு காயும், அண்டை அண்டையாகத் தொட்டுக்கொண்டே போனால், ஏதாவது ஒரு சிவப்புக் காயைப் போய்ச் சேர வேண்டும். இதைத் தொடர்பு என்போம். இடையில் இருப்பவை என்ன நிறம் என்பது பொருட்டல்ல, சங்கிலி அறுபடாமல் இருந்தால் போதும். ஒரு நகர்வுக்குப் பிறகு சில காய்கள் எந்தச் சிவப்போடும் தொடர்பில்லாமல் தனித்துப் போனால், அவை அத்தனையும் அப்போதே பலகையிலிருந்து எடுக்கப்படும். யாருடையதாக இருந்தாலும், எவ்வளவு உயரமாக இருந்தாலும்.

பன்னிரண்டு காய் கோபுரம் கட்டிவிட்டீர்கள், அருகில் எதிராளியின் ஒற்றைக் காய்கூட இல்லை, இனி யாரும் தொட முடியாது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்தக் கோபுரத்தைச் சிவப்போடு இணைத்துக்கொண்டிருந்தது நடுவில் இருந்த எதிராளியின் இரட்டை ஒன்றுதான். எதிராளி அந்த இரட்டையை வேறு பக்கம் நகர்த்துகிறார். கோபுரத்தை அவர் தொடவே இல்லை. ஆனாலும் பன்னிரண்டும் போயிற்று.

சிவப்புக் காய்க்குத் தனியே நகரும் உரிமை கிடையாது. ஆனால் அதன் மேல் ஒரு காய் ஏறிவிட்டால் அது அடுக்கின் பகுதியாகிவிடும், அடுக்கோடு சேர்ந்து பயணிக்கும். இதில்தான் ட்வானின் கூர்மை இருக்கிறது. அடியில் சிவப்பை வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு காய் அடுக்கு உங்களுடையது என்று வையுங்கள். அதைச் சுற்றி எதிராளியின் காய்கள் ஒரு கூட்டமாக அந்தச் சிவப்பை மட்டுமே நம்பி நிற்கின்றன. நீங்கள் அந்த அடுக்கை இரண்டு இடம் தள்ளி இன்னொரு கூட்டத்தின் மேல் கொண்டுபோய் இறக்கினால், பின்னால் விட்டுவந்த கூட்டத்துக்கும் சிவப்புக்கும் சங்கிலி அறுந்துவிடும். ஒரே நகர்வில் ஏழெட்டு காய்கள் காணாமல் போகும். உங்கள் காய்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அவையும் சேர்ந்தே போகும் என்பதை நகர்த்தும் முன் எண்ணிக்கொள்ளுங்கள். இதை எண்ணாமல் கெத்தாக நகர்த்திவிட்டு முகம் மாறுபவர்களைப் பார்க்க எதிராளிக்குக் கொண்டாட்டம்.

சிவப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் அடுக்குக்கு இந்தப் பயம் இல்லை. அது எங்கே இருந்தாலும் தொடர்போடு இருக்கிறது. ஆனால் அதன் தலையில் ஒருவர் ஏறுவதை எந்தச் சிவப்பும் தடுக்காது. இரண்டு வகை ஆபத்துகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்: மேலே ஏறுவார்களா, கீழே அறுப்பார்களா.

கடைசியில் என்ன எண்ணுகிறோம்?

நகர்த்த முடிந்தவர் நகர்த்தியே ஆக வேண்டும், முடியாதவர் தன் முறையை விட வேண்டும். இருவருக்குமே நகர்வு இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. அப்போது அவரவர் உச்சியில் இருக்கும் அடுக்குகளையெல்லாம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். யார் கோபுரம் உயரமோ அவர் வென்றார்.

இந்தக் காட்சியை மட்டும் தொலைவிலிருந்து பார்த்தவர்கள்தான் "உயரமாக அடுக்கினால் வெற்றி" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் போலும். இங்கே கவனிக்க வேண்டிய சிறு விஷயம், நம் நிறக் காய்களை மட்டும் எண்ணுவதில்லை. நம் அடுக்குகளில் சிக்கியிருக்கும் எதிராளியின் காய்களும் சிவப்பும் சேர்த்தே எண்ணிக்கை. வெள்ளைக் காய்களை ஆடுபவர் தன் 23 காய்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டுக் கறுப்புக் காய்களாலேயே ஜெயிக்க முடியும்.

உயரம் சுமை என்றால், கடைசியில் உயரம் எப்படி வரும்? தாமதமாக வரும். எதிராளியின் சின்னக் காய்கள் தீர்ந்தபிறகு, அல்லது அவை எட்டாத தூரத்துக்குப் போனபிறகு கட்டினால் அந்தக் கோபுரத்தை யாரும் பறிக்க முடியாது. அசையாத அடுக்கு என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் செத்த முதல், முடிவில் வங்கியில் போட்ட முதல்.

இதே சிக்கலுக்கு மற்றவர்கள் சொன்ன விடைகள்

உயரம் கூடினால் நகர்வு சுருங்குகிறது என்ற சிக்கலை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கிறார்கள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் சாக்சனின் ஃபோகஸ் 1960-களில் வந்தது, ஜெர்மனியில் 1981-ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதையும் வென்றது. அதில் அடுக்கைப் பிரிக்கலாம். மேலிருந்து எத்தனை காய்களை எடுக்கிறோமோ அத்தனை கட்டம் போகலாம். ஐந்து காய் அடுக்கிலிருந்து இரண்டை மட்டும் எடுத்து இரண்டு கட்டம் வைக்கலாம். ஆகவே அங்கே உயரம் சுதந்திரத்தைக் கூட்டுகிறது, ஆனால் உயரத்துக்கு வரம்பு உண்டு: ஐந்து. அதற்கு மேல் போனால் அடியிலிருந்து மிகுந்தவை வெளியேறும். வெளியேறியது எதிராளியின் காய் என்றால் வெட்டுப்பட்டது. நம்முடையது என்றால் கையிருப்பாகிறது, பிறகு ஒரு முறை நகர்த்துவதற்குப் பதிலாக அதைப் பலகையில் எந்தக் கட்டத்திலும் இறக்கலாம். ஒரே விதியை மாற்றியதும் விளையாட்டின் குணமே மாறிவிடுகிறது. ட்வானில் பழகியவர் ஃபோகஸில் முதல் ஆட்டம் முழுக்கத் தடுமாறுவார்.

பர்மே 2007-ல் ட்ஸார் என்ற விளையாட்டில் உயரத்துக்கும் தூரத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். அங்கே உயரம் என்பது பலம் மட்டும்: தன்னளவு அல்லது தன்னைவிடக் குட்டையானதைத்தான் வெட்டலாம். சரி, அப்படியானால் உயரமாக அடுக்கிக்கொண்டே போகலாமே? போக முடியாது. ஒவ்வொருவருக்கும் மூன்று வகைக் காய்கள், ஏதாவது ஒரு வகை பலகையில் இல்லாமல் போனால் தோல்வி. அடுக்கின் உள்ளே மறைந்த காய் கணக்கில் வராது. பலத்துக்காக அடுக்க அடுக்க, கணக்கில் வரும் காய்கள் குறைகின்றன. அடுக்குவதற்கு விலை இங்கேயும் உண்டு, வேறு நாணயத்தில்.

நிறங்களைச் சேர்ப்பது: லிங்க்

உயரத்தை விட்டுவிட்டு, அடுக்கில் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்பதையே இலக்காக்கினால்? பர்ம் 2017-ல் வெளியிட்ட லிங்க் அதைத்தான் செய்கிறது. ஐந்து நிறங்கள், எந்த நிறத்துக்கும் பதிலாக நிற்கும் சில ஜோக்கர் காய்கள். ஓர் அடுக்கில் ஒரே நிறம் இரண்டு முறை வரக் கூடாது, ஐந்து காய்க்கு மேலும் போகக் கூடாது. ஐந்து நிறங்களும் சேர்ந்த முழு அடுக்குகளை அதிகம் சேர்ப்பவர் வெற்றியாளர்.

புதியவர்களை இங்கே திகைக்க வைப்பது வேறு. ஆட்டம் தொடங்கும்போது எந்த நிறமும் யாருக்கும் சொந்தமில்லை! நடுவில், தன் முறையில், "சிவப்பு என்னுடையது" என்று ஒருவர் உரிமை கோரலாம். ஆளுக்கு இரண்டு நிறங்கள் வரை. ஐந்தில் நான்கு போக, ஒன்று கடைசிவரை பொதுவில் நிற்கும். உச்சியில் தன் நிறம் இருக்கும் முழு அடுக்குதான் ஒருவருக்குக் கிடைக்கும்.

உரிமை கோருவதை எப்போது செய்வது என்பதுதான் லிங்கின் முக்கியமான கேள்வி. சீக்கிரம் கோரினால் அந்த நிறம் உறுதி, ஆனால் நம் திட்டம் எதிராளிக்குத் தெரிந்துவிடும், அந்த நிறம் உச்சிக்கு வராதபடி அவர் பார்த்துக்கொள்வார். தள்ளிப்போட்டால், நான்கு நிறம் சேர்ந்து தயாராக நிற்கும் அடுக்கின் மேல் வரவேண்டிய ஐந்தாவது நிறத்தை அவர் கோரிக்கொண்டு, அதே முறையில் அந்த அடுக்கை முடித்து எடுத்துப் போய்விடுவார். நாம் மூன்று முறை செலவழித்துச் சமைத்ததை அவர் பரிமாறிக்கொள்கிறார். அதனால் ஓரளவு பழகியவர்கள் நான்கு நிற அடுக்கை வெளியே விட்டுவைக்கவே தயங்குவார்கள். மூன்று நிறத்தோடு நிறுத்திவிட்டு எதிராளி நான்காவதை வைக்கக் காத்திருப்பார்கள்.

நகர்வில் இன்னும் சில விதிகள் லிங்கில் உண்டு. அவற்றை விதிப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது, "சேகரிப்பது" என்பது ட்வானில் அளவைக் குறிக்கிறது, லிங்கில் வகையைக் குறிக்கிறது என்பது மட்டும்.

முதல் ஆட்டத்துக்கு

பலகை வாங்கித்தான் பழக வேண்டும் என்பதில்லை. ஒரு பெரிய தாளில் 9, 10, 11, 10, 9 என்று ஐந்து வரிசை வட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் வட்டங்கள் மேல் வரிசையின் இரண்டு வட்டங்களுக்கு நடுவே வருமாறு அரை வட்டம் தள்ளியிருக்கட்டும். பக்கத்து வட்டங்களை மெல்லிய கோட்டால் இணைத்துவிட்டால் சாய்வுத் திசைகளில் கண் தடுமாறாது. ஒரே அளவுள்ள தட்டைப் பொத்தான்கள் ஒரு நிறத்தில் 23, இன்னொரு நிறத்தில் 23, மூன்றாவது நிறத்தில் 3 போதும்.

முதல் ஆட்டத்தில் வெற்றியைப் பற்றிக் கவலைப்படாமல், ஒவ்வொரு முறையும் நகர்த்தும் முன் எதிராளியின் அடுக்குகளில் எவை எங்கே இறங்க முடியும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இருவருமே சொல்லலாம், மறைக்க ஒன்றும் இல்லை. ஆட்டம் மெதுவாகப் போகும், ஆனால் "சரியாக அத்தனை இடம்" என்ற விதி கண்ணில் பதிந்துவிடும்.

பொத்தான்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓரளவு தடிமனானவையாகப் பாருங்கள். மெல்லியவற்றை அடுக்கினால் சிவப்பு எந்த அடுக்குக்குள் போயிற்று என்று பக்கவாட்டில் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அடுக்கைத் தூக்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், திரும்ப வைக்கும்போது உச்சிக் காய் யாருடையது என்ற சண்டை நிச்சயம் வரும்.